சமாதித் துறையில் சம்பள பாக்கி

பழைய எகிப்து என்றால் சாட்டை, சங்கிலி, வெயிலில் கல் இழுக்கும் கூட்டம் என்று சினிமாக்காரர்கள் நமக்குப் பாடம் நடத்திவிட்டார்கள். ராஜாக்களின் கல்லறைகளைக் குடைந்த ஆட்களின் கதையே வேறு. துணி வெளுக்க ஆள், தண்ணீர் சுமக்க ஆள், மீன் பிடித்துத் தர ஆள், எல்லாம் அரசாங்கச் செலவில். வாரத்துக்குப் பத்து நாள், அதில் கடைசி இரண்டு நாள் விடுமுறை. லக்ஸருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில், இன்று தேர் எல் மதீனா எனப்படும் அந்தப் பொட்டல்காட்டுக் குடியிருப்பில் ஒருவனுக்கு வேலை கிடைத்துவிட்டால், அப்பனுக்குப் பின் பிள்ளை என்று குடும்பமே அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

லீவு விஷயத்தில் நிர்வாகத்துக்குத் தங்க மனசு. இரண்டாம் ராம்செஸின் 40ஆம் ஆட்சியாண்டு வருகைப் பதிவேடு ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் சில்லுதான் பதிவேடு. வராத நாள் கறுப்பு மையில், வராத காரணம் அதற்கு மேலே சிவப்பு மையில். தேள் கொட்டிவிட்டது. கண் வலி. தாயாரின் உடலைப் பதப்படுத்தித் துணி சுற்ற வேண்டும். வீட்டில் பெண்ணுக்கு மாதவிலக்கு. இதெல்லாம் சரி. பீர் காய்ச்சுகிறேன் என்பதும் ஒரு காரணம். கோன்சு என்பவரோடு உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார் என்பதும் ஒரு காரணம். கணக்குப்பிள்ளை முகம் சுளிக்காமல் பதிந்திருக்கிறார். நம் ஊர் ஆபீசில் இதற்குப் பாட்டியை இன்னொரு தடவை சாகடிக்க வேண்டியிருக்கும்.

மேஸ்திரிகள்தான் கொஞ்சம் முன்னேபின்னே. பேனப் என்று ஒரு பிரகிருதி. ஐந்து வேலையாட்களை மந்திரிக்கு மொய் எழுதித்தான் மேஸ்திரி பதவியை வாங்கினான் என்று, அந்தப் பதவி தனக்கு வர வேண்டியது என்றிருந்த அமென்நக்த் மனுப் போட்டார். வயிற்றெரிச்சலில் எழுதிய மனு, பாதியைக் கழித்துக்கொள்ளலாம். மீதியே போதும். ராஜாவின் ஆட்களை வைத்துத் தன் சமாதிக்குக் கல் வெட்டினான். அவர்கள் மனைவிமார் அவனுக்குத் துணி நெய்தார்கள். ஒருவனுக்கு அவன் மாட்டுக்குத் தீனி போடுவதே உத்தியோகம். சுவர்மேல் ஏறி நின்று கீழே இருந்தவர்கள்மேல் செங்கல் எறிந்தான். தண்டனை கொடுத்த மந்திரியைப் பற்றி எங்கோ போய்ச் சொல்லி, மந்திரிக்கே சீட்டுக் கிழித்துவிட்டான்.

அந்த ஜனம் இதையும் தாங்கிக்கொண்டது. தாங்க முடியாமல் போனது வயிற்று விஷயத்தில். காசு பிறக்காத காலம், தானியம்தான் சம்பளம். ஆளுக்கு மாதம் நாலு மூட்டை கோதுமை ரொட்டிக்கு, ஒன்றரை மூட்டை பார்லி பீருக்கு. மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 1157 வாக்கில், மூட்டை வரவில்லை. ராஜாவுக்குச் செலவு ஜாஸ்தி. கடல்வழி வந்த கூட்டங்களோடு சண்டை, மெதினெத் ஹாபுவில் தனக்கென்று ஒரு பிரம்மாண்டக் கோயில். சாமிகளுக்கு அவர் அள்ளிக் கொடுத்ததைச் சொல்லும் பாப்பிரஸ் சுருளை விரித்தால் 40 மீட்டருக்கு மேல் ஓடும். இத்தனைக்கும் எந்தச் சாமியும் நேரில் வந்து கேட்கவில்லை.

பட்டுவாடா தேதி போய் 18 நாள். ஒருநாள் எல்லாரும் உளியை வைத்துவிட்டு, ஐந்து காவல் சுவர்களையும் தாண்டி, மூன்றாம் துட்மோஸ் கோயிலின் பின்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். எழுத்தில் பதிவாகி நம் கைக்குக் கிடைத்த முதல் வேலைநிறுத்தம் இதுதான். பதிவுச் சுருள் இத்தாலியின் டூரின் மியூசியத்தில். அதிகாரிகள் ஓடிவந்து, ராஜாவிடமிருந்து சேதி இருக்கிறது, திரும்பி வாருங்கள் என்று பெரிய பெரிய சத்தியமெல்லாம் செய்தார்கள். ஆட்கள் அசையவில்லை. சத்தியத்தைப் பிசைந்து ரொட்டி சுட முடியாது. அடுத்து அவர்கள் போய் உட்கார்ந்தது இரண்டாம் ராம்செஸ் கோயிலில், தானியக் களஞ்சியம் வரிசையாக நிற்கிற இடமாகப் பார்த்து. பசியும் தாகமும் எங்களை இங்கே கொண்டுவந்தன, துணியில்லை, எண்ணெயில்லை, மீனில்லை, காய்கறியில்லை, ராஜாவுக்கு எழுதுங்கள் என்றார்கள்.

கூட்டத்தைக் கலைக்க வேண்டிய போலீஸ் தலைவர் மொண்டுமெஸ் என்ன செய்தார் தெரியுமா? வீட்டைப் பூட்டிக்கொண்டு பெண்டாட்டி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அடுத்த கோயிலுக்கு நானே முன்னால் நடக்கிறேன் என்றார். அவர் வீட்டு மூட்டையும் நின்றுபோயிருந்ததோ என்னவோ.

நிர்வாகம் பழைய பாக்கியைக் கொடுத்து ஆளை அனுப்பியது, அடுத்த மாதம் மறுபடி கையை விரித்தது. தோ என்பவர்தான் பெரிய மந்திரி. அந்த வருஷம்தான் மேல் எகிப்து, கீழ் எகிப்து இரண்டும் அவர் பொறுப்பில் வந்தன. எதற்காகப் பதவி உயர்வு என்று கேட்கக் கூடாது. அவர் தீப்ஸுக்கு, அதாவது இன்றைய லக்ஸருக்கு, வந்தார், ஆட்களைப் பார்க்க அல்ல. ராஜா பட்டமேறி 30 வருஷம் நிறைவதற்கு விழா. அதற்குத் தென்னாட்டுச் சாமிகளைப் படகில் ஏற்றிக்கொண்டு வடக்கே போய்விட்டார். போகிறபோது ஒரு சேதி சொல்லி அனுப்பினார். நான் வராததற்குக் காரணமில்லாமலா? உங்கள் ரேஷனைப் பிடுங்க நானா மந்திரியானேன்? கொடுப்பதற்கல்லவா ஆனேன்? களஞ்சியமே காலியென்றாலும் கிடைத்ததைக் கொடுப்பேன். கிடைத்தது பாதிச் சம்பளம்.

சுற்றறிக்கை எழுதுகிற கலையில் அதற்குப் பிறகு யாரும் பெரிதாக முன்னேறிவிடவில்லை என்பது என் அபிப்பிராயம்.

பாதியைப் பார்த்த மேஸ்திரி கோன்ஸ், இதை வாங்கிக்கொண்டு நேரே துறைமுகத்துக்குப் போங்கள் என்று தூண்டிவிட்டார். இந்த மேஸ்திரி ஆட்கள் பக்கம். கணக்குப்பிள்ளையோ நிர்வாகத்தின் பக்கம். படியளந்த கையோடு துறைமுகம் போனால் எந்தக் கோர்ட்டிலும் உங்களைத் தோற்கடிப்பேன் என்று மிரட்டினார். இவர் பெயரும் அமென்நக்த். மனுக்காரர் வேறு, இவர் வேறு.

தர்ணாவின் நடுவே ஒருவன், என்னை இங்கிருந்து கிளப்பினால் ஒரு கல்லறையைக் கொள்ளையடித்துவிட்டுத்தான் தூங்குவேன் என்று ராஜா பெயரிலேயே ஆணையிட்டிருந்தான். வாய்ச்சவடால் என்று நினைத்திருப்பார்கள். சுமார் 45 வருஷம் கழித்து, ஒன்பதாம் ராம்செஸ் காலத்தில், கல்லறைக் கொள்ளை விசாரணை நடந்தபோது இந்தக் குடியிருப்பின் ஆட்களும் மாட்டினார்கள். வழி கேட்டுப் போக வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை, தாத்தன் குடைந்த சுரங்கம். சூறையாடப்பட்டவற்றில் ஒன்று மூன்றாம் ராம்செஸின் ராணி ஐசிஸின் கல்லறை.