செம்பட்டையியல்: புளியறையை முன்வைத்து ஓர் ஆய்வுரை

தலைமுடி ஆராய்ச்சிக்குத் தமிழில் முன்னோடிகள் இல்லை என்று ஒருவரும் சொல்லிவிட முடியாது. பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்ற ஒரே கேள்விக்காகச் சிவபெருமானும் நக்கீரரும் பாண்டியன் சபையில் மோதிக்கொண்டதைத் திருவிளையாடற் புராணம் விரிவாகச் சொல்கிறது. வழக்குக்குக் காரணமான பாட்டு குறுந்தொகையில் இரண்டாவதாக இன்றும் இருக்கிறது. வயதாகியும் தனக்கு ஏன் நரைக்கவில்லை என்று பிசிராந்தையார் காரணங்களை அடுக்கினார். அது புறநானூறு 191. கம்பனின் தசரதனோ காதோரம் ஒரு நரையைக் கண்டதும் ராமனுக்கு முடிசூட்ட முடிவெடுத்துவிடுகிறான். அன்றைக்கு அயோத்திப் பெட்டிக்கடையில் ஒரு ஹேர் டை பாக்கெட் தொங்கியிருந்தால் ராமாயணம் பாலகாண்டத்தோடு முடிந்திருக்கும்.

மணத்தையும் நரையையும் இவ்வளவு ஆராய்ந்த முன்னோர், கறுத்த முடியை வேண்டுமென்றே வெளுப்பது பற்றி ஒரு சூத்திரமும் எழுதி வைக்கவில்லை. அந்தக் குறையை இக்கட்டுரை நீக்க முயல்கிறது.

ஆய்வுக்களம் புளியறை. செங்கோட்டையைத் தாண்டிக் கொல்லம் சாலையில், கேரள எல்லைச் சோதனைச்சாவடிக்குப் பேர்போன ஊர். 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டைப் பகுதி தமிழகத்தோடு சேரும்வரை இதுவும் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. ஆகவே இரண்டு ராஜ்யத்து எண்ணெயையும் கண்ட தலைகள் இவை. களப்பணிக்கு உகந்த நாள் வியாழக்கிழமை. அன்று தட்சிணாமூர்த்தியைப் பார்க்கக் கொண்டைக்கடலை மாலையோடு வரிசை நிற்கும். வரிசையில் நிற்பவனுக்கு முன்னால் நிற்பவரின் பின்னந்தலையைத் தவிரப் பார்க்க வேறொன்றும் இல்லை. இப்படி ஓர் ஆய்வுக்கூடம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடையாது.

இத்துறையில் கொள்கைப் பிரிவுகள் மூன்று. முதலாவது அத்தைமார் மரபு. நிறம் மாறிய முடி எல்லாமே இவர்களுக்குச் செம்பட்டை. செம்பட்டைக்குக் காரணம் எண்ணெய் காணாத தலை. "ஏல, தலையில எண்ணெய் வச்சு எத்தன நாளாச்சு?" என்பதே இவர்களின் மூலச் சூத்திரம். இரண்டாவது சலூன் மரபு: எதுவானாலும் கடைக்கு வா, வீட்டில் கை வைக்காதே. மூன்றாவது, புள்ளிங்கோ என்று ஊரார் அன்போடும் எரிச்சலோடும் அழைக்கும் இளைஞர் மரபு. பாக்கெட்டை வாங்கி, யூடியூப் பார்த்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்வது இவர்களின் நெறி. முதல் மரபு இலவசமாகக் கண்டித்த செம்பட்டையை மூன்றாம் மரபு காசு கொடுத்து வாங்குகிறது என்பதில் மட்டும் மூன்று தரப்புக்கும் கருத்து வேறுபாடில்லை.

இனி வேதியியல். முடியைப் புளியறைச் சோதனைச்சாவடியாகவே கொள்க. மேலே செதில் செதிலாக மூடியிருக்கும் அடுக்குதான் தடுப்புக்கட்டை. ப்ளீச் பொடியிலுள்ள காரம் அந்தக் கட்டையைத் தூக்குகிறது. பொடியோடு கலக்கும் டெவலப்பர் திரவத்தின் ஹைட்ரஜன் பெராக்சைடும் பொடியின் பெர்சல்பேட்டும் உள்ளே புகுந்து மெலனினை உடைக்கின்றன. கட்டையைத் தூக்கியபடியே விட்டால் நிறம் மட்டுமா வெளியேறும்? முடியின் மேல் இயற்கையாக ஒட்டியிருந்த கொழுப்புப் படலம் போகும். கெரட்டினை இறுக்கிப் பிடித்திருந்த கந்தகப் பிணைப்புகள் சிதையும். பிறகு அந்த முடி தண்ணீரை அதிகமாகக் குடிக்கும், காய நேரமாகும், சீப்புக்கு வராது.

பெராக்சைடைப் பாரிஸில் லூயி தெனார் கண்டறிந்தது 1818இல். அதைத் தலையில் ஊற்றலாம் என்ற ஞானம் பிறக்க மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. இன்று கடையில் அது 20, 30, 40 வால்யூம் என்று கிடைக்கிறது. சதவீதத்தில் சொன்னால் 6, 9, 12. எண் கூடினால் வெளுப்பு கூடும் என்று நம்பி 40ஐ வாங்குவோர், தலைத்தோல் என்று ஒன்று இருப்பதை மறந்தவர்கள். வீட்டு வேலைக்கு 20 போதும். மெதுவாக வெளுக்கும், மெதுவாக வெளுப்பதே நல்லது.

பாதுகாப்பு பற்றி அத்தைமார் மரபு சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை இருப்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2003இல் ரேலே, மொஹிலே என்ற இரு ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் முடியில் தேய்த்துப் பார்த்தார்கள். நல்ல முடியிலும் கெட்ட முடியிலும் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலம் முடிக்குள் ஊடுருவுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். இருவரும் பாராசூட் எண்ணெய் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் என்பதைப் படிப்பவர் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் எண்ணெய் ஊடுருவத்தான் செய்கிறது. சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டங்களுக்கு இந்த முடிவு சற்று வருத்தமளிக்கும்.

எண்ணெய்க்கு அடுத்தபடி அழுக்கு. ப்ளீச் போடுமுன் ஓரிரு நாள் தலைக்குக் குளிக்காமல் இருந்தால் தோலில் ஊறிய இயற்கை எண்ணெயே எரிச்சலைக் குறைக்கும். சோம்பேறித்தனத்தை விஞ்ஞானம் ஆதரிக்கும் அரிய இடம் இது. கையுறை, நெற்றியோரம் வாஸ்லின், பிளாஸ்டிக் கிண்ணம் எல்லாம் தெரிந்தவையே. தெரியாத ஒன்று: வேர்ப்பகுதிக்குக் கடைசியில் போட வேண்டும். தலைச்சூட்டில் அங்கே வேகமாக வெளுக்கும். முதலில் உச்சியில் அப்பியவன் மேலே மஞ்சளும் கீழே செங்கல்லுமாக வெளியே வருவான். புளியறை வரிசையில் அப்படிப்பட்ட தலைகளுக்குக் குறைவில்லை.

மருதாணி போட்ட தலைக்குத் தனி எச்சரிக்கை. வீட்டில் அரைத்த இலையால் பெரிய கேடில்லை. சாயம் விட மறுக்கும், அவ்வளவே. ஆனால் ஹென்னா என்ற பெயரில் பாக்கெட்டில் வரும் சில பொடிகளில் உலோக உப்பு கலந்திருக்கும். பெராக்சைடு பட்டதும் அது தலையிலேயே சூடேறிவிடும். காதுக்குப் பின்னாலிருந்து நாலு முடியை வெட்டி, கிண்ணத்தில் ப்ளீச்சோடு போட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். கருஞ்சாயங்களில் உள்ள பி.பி.டி. என்ற வேதிப்பொருள் சிலருக்கு முகமே வீங்குமளவுக்கு ஒவ்வாமை தரும். டை பெட்டிக்குள் இருக்கும் தாளில் 48 மணி நேரத்துக்கு முன்பே தோலில் தடவிப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். அந்தத் தாளைப் படித்தவரை இவ்வாய்வாளர் இன்னும் சந்திக்கவில்லை.

இப்போது இத்துறையின் மையச் சிக்கலுக்கு வருவோம். கறுத்த முடி வெளுக்கும்போது நேராக வெள்ளைக்குப் போவதில்லை. கருநிறமி முதலில் விழும்; செம்மஞ்சள் நிறமி பிடிவாதக்காரன். உலகம் இந்தப் படிகளை 1 முதல் 10 வரை எண்ணுகிறது. நாம் எண்ணத் தேவையில்லை: முதலில் செங்கல், அடுத்து நேந்திரங்காய் சிப்ஸ், அதற்கடுத்துச் சூரியகாந்தி, கடைசியில் வாழைப்பழத் தோலின் உட்புறம். கடைசிப் படிக்கு உலகெங்கும் சலூன்காரர்கள் வாழைப்பழத் தோலையே அடையாளம் சொல்கிறார்கள். ஆகவே அளவுகோல் பிறந்தது தென்காசிப் பக்கம்தான் என்று நிறுவ இதற்கு மேல் சான்று வேண்டாம். அதற்கும் மேலே வெளுக்க முயல்வது வீண். கெரட்டினே இயல்பில் மங்கிய மஞ்சள். அந்த மஞ்சளையும் எடுத்தால் முடி கையோடு வந்துவிடும்.

பிறகு வெண்சாம்பல் நிறம் எப்படிக் கிடைக்கிறது? எடுப்பதால் அல்ல, சேர்ப்பதால். பாரிஸின் கோப்லான் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவைக் கவனித்த செவ்ரல், அருகருகே வைத்த நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டுவதை 1839இல் நூலாக எழுதினார். எதிரெதிர் நிறங்களைக் கலந்தால் ஒன்றையொன்று அடக்கும் என்ற விதியில்தான், வெளுத்த முடியில் பூசும் டோனர் என்ற சாயம் வேலை செய்கிறது: மஞ்சளுக்கு ஊதா, செம்மஞ்சளுக்கு நீலம், சிவப்புக்குப் பச்சை. செவ்ரல் 102 வயதுவரை வாழ்ந்தார். 1886இல் எடுத்த படத்தில் தலைகொள்ளாத வெள்ளை முடியோடு இருக்கிறார். டோனர் போட்டதற்குச் சான்றில்லை.

அவருடைய விதியைப் பிரெஞ்சு படிக்காமலே நம் வீடுகள் பின்பற்றின. பழுப்பேறிய வேட்டியை வாளித் தண்ணீரில் நாலு சொட்டு நீலம் விட்டு அலசினால் வெள்ளை வெளேரென்று ஆவது ஏன்? மஞ்சள் போகவில்லை, நீலத்தின் கீழ் ஒளிந்துகொண்டது. எல்லைக்கு அப்பால் திருச்சூர்ப் பக்கம் 1983இல் ஜோதி லேபரட்டரீஸ் தொடங்கிய எம்.பி. ராமச்சந்திரன், ஊதா சாய்ந்த உஜாலாவைக் கொண்டுவந்து வேட்டிக் கொள்கையைச் செம்மைப்படுத்தினார். இன்று நூற்றுக்கணக்கில் விலை சொல்லும் ஊதா ஷாம்புவும் அதே தத்துவம்தான். புளியறை இளைஞர்கள் தவறுவது இங்கேதான். தலை நேந்திரங்காய் நிறத்தில் இருக்க, ஊதா ஷாம்புவை அப்பிவிட்டு வேலை செய்யவில்லை என்கிறார்கள். செம்மஞ்சளுக்கு ஊதா எதிரி அல்ல. அங்கே நீலம்தான் வேண்டும்; போட்டால் கிடைப்பது அமைதியான பழுப்பு. மஞ்சள் நிலையிலும் ஊதாவை ஐந்து நிமிடத்துக்கு மேல் ஊறவிட்டால் கத்தரிப்பூ நிறத்தில் திரிய நேரும்.

குற்றாலம் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. சாரல் மாதங்களில் ப்ளீச் செய்த தலையை ஐந்தருவிக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்துவது அறிவுடைமை ஆகாது. நனைந்த முடி இயல்பிலேயே பலம் குறைந்தது. வெளுத்த முடி நனைந்தால் ரப்பராக இழுபட்டு அறும். டோனரும் கரைந்து போகும். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்புக்குத் தடை இருக்கிறது. ஊதா ஷாம்புக்கு விலக்கு உண்டென்று எந்தப் பலகையும் சொல்லவில்லை.

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்கிறது. ஒரு மாலையில் கெடுத்ததை வெட்டித் தீர்க்க ஒன்றரை வருடம்கூட ஆகலாம். எனவே இவ்வாய்வின் தீர்ப்பு: வீட்டில் செய்பவர் நேந்திரங்காய்ப் படியில் நிறுத்தி, நீல டோனர் போட்டு, தேங்காய் எண்ணெயோடு சமாதானமாக இருப்பது நலம். வாழைப்பழத் தோல்தான் வேண்டும் என்பவர் சில வாரங்கள் இடைவெளி விட்டுப் போகட்டும், முடிந்தால் சலூனுக்கு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வேட்டிக் கொள்கையைப் படித்துவிட்டு யாரும் சொட்டு நீலத்தைத் தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டாம். அது துணிக்குச் செய்தது; தலைத்தோலுக்கு அல்ல.