கரையேறிய படகு, கரையாத பட்டியல்

இங்கிலாந்தின் தென்கரையில் சின்னப் பாய்மரப் படகு வைத்திருப்பவர்களுக்கு வருடத்தில் இரண்டே பருவம்தான். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை படகின் மேல் உட்காரும் பருவம். மிச்சமெல்லாம் படகுக்கு அடியில் மல்லாந்து படுக்கும் பருவம். இரண்டில் எது உண்மையான பொழுதுபோக்கு என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. கோடையில் மழை, எதிர்க்காற்று, ஆபீஸ், ஊரிலிருந்து வரும் மைத்துனர் என்று எத்தனையோ தடங்கல். படகுக்கு அடியில் படுப்பதை மட்டும் இதுவரை எதுவும் தடுத்ததில்லை.

போனில் அம்மாவிடம் படகு வாங்கிய சேதியைச் சொன்னபோது, "மீன் புடிக்கிறியா?" என்றாள். "இல்லம்மா." "ஆள் ஏத்துறியா?" "அதுவும் இல்ல." "அப்புறம் எதுக்குடா?" இதற்கு ஒவ்வொரு பனிக்காலத்திலும் ஒரு புதுப் பதில் தோன்றுகிறது. எதுவும் போனில் சொல்லக்கூடியதாக இல்லை.

படகின் பெயர் வேண்டாம், ஜாதி சொல்கிறேன். வெஸ்டர்லி சென்டார், 26 அடி. 1969-லிருந்து 1980 வரை போர்ட்ஸ்மத்துக்கு வடக்கே வாட்டர்லூவில்லில் கண்ணாடி இழையில் வார்த்து, இரண்டாயிரத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். அடியில் கீல் என்கிற அடித்தகடு ஒன்றுக்கு இரண்டாக இருப்பதால் கடல் வற்றும்போது சாயாமல் சேற்றில் நிற்கும். சிச்செஸ்டர் துறைமுகத்தில் இது பெரிய குணம். அங்கே பல ஓடைகளில் தண்ணீர் வந்து போகும் விருந்தாளிதான். லட்சணம் போதாது என்று சொல்பவர்கள் உண்டு. உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், ஒரு குடும்பமே படுக்கலாம். சண்டை போட்டுக்கொண்டு தனித்தனியாகப் போய் உட்காரத்தான் இடமில்லை.

அக்டோபர் கடைசியில், படகுகளைக் கரையேற்றி நிறுத்தும் யார்டின் ஹாயிஸ்ட் வண்டி வயிற்றுக்கு அடியில் இரண்டு பட்டையைக் கொடுத்து இதைத் தூக்கும். பாசி, சிப்பி, கொட்டலசு என்று கோடை முழுக்க வாடகை தராமல் குடியிருந்தவர்கள் எல்லாம் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வருவார்கள். இவர்களை அண்டவிடாமல் செய்யத்தான் வருடா வருடம் தாமிர ஆக்சைடு கலந்த ஆன்டிஃபவுலிங் பெயின்ட். முன்பு வெள்ளீயச் சேர்மம் ஒன்றைக் கலந்து கொண்டிருந்தார்கள். பிரமாதமாக வேலை செய்ததாம். கொஞ்சம் அதிகமாகவே செய்தது. பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் ஆளிகளின் ஓடு கோணிப்போயிற்று. பிரிட்டிஷ் கரையில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. 1987-ல் 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் அதைப் பூசக்கூடாது என்று இங்கே தடை போட்டார்கள். அன்று கொட்டலசு வட்டாரங்களில் இனிப்பு வழங்கியிருப்பார்கள். இப்போதைய பெயின்ட் கொட்டலசை விரட்டுகிறதோ இல்லையோ, விலையைக் கேட்டால் வாங்க வந்தவன் ஓடுகிறான்.

அடுத்தது துத்தநாகக் கட்டி. உப்புத் தண்ணீரில் பல உலோகங்கள் சேர்ந்து இருந்தால் ஒன்று கரைந்தே தீரும். வெண்கலப் புரொப்பெல்லர் கரையாமல் இருக்க, பக்கத்தில் துத்தநாகத்தைக் கட்டிவிடுகிறோம். குடும்பத்துக்காகத் தேய்கிற மூத்த அண்ணன் மாதிரி அது பேசாமல் தேயும். பாதி தேய்ந்ததும் கழற்றிப் பழைய இரும்புத் தொட்டியில் போட்டுவிட்டு வேறொன்றை மாட்டுவோம்.

பிறகு கடல் வால்வுகள். படகின் அடியில் நாமே காசு கொடுத்துத் துளை போட்டு, அந்தத் துளையை மூட நாமே காசு கொடுத்து வால்வு வாங்கியிருக்கிறோம். மட்டமான பித்தளையாக இருந்தால் கடல் அதிலிருந்து துத்தநாகத்தை மட்டும் உறிஞ்சிவிடும். மஞ்சள் நிறம் போய் ரோஸ் நிறம் வந்தால் வால்வுக்கு நாள் குறித்தாயிற்று என்று அர்த்தம். அதனால் ஒவ்வொன்றையும் சுரண்டிப் பார்த்து, கிரீஸ் வைத்து, பக்கத்தில் ஒரு மரக்கட்டை ஆப்பையும் கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டும். வால்வு உடைந்தால் அடித்துச் சொருக. இத்தனை மின்னணுக் கருவிகள் வந்த பிறகும் கடைசி நம்பிக்கை ஓர் ஆப்பின் மேல்தான்.

இதெல்லாம் பராமரிப்பு. பராமரிப்பில் ஒரு சிக்கல்: யாரும் பார்த்துப் பாராட்ட மாட்டார்கள். "வாங்க, போன வாரம் கிரீஸ் வைத்த வால்வைக் காட்டுகிறேன்" என்று எந்த விருந்தாளியையும் கூப்பிட முடியாது. எல்லாம் சரியாகச் செய்தால் கிடைக்கிற பலன், படகு முன்பு எப்படி மிதந்ததோ அப்படியே மிதப்பது. மனம் சோர்ந்து போகிறது. அந்தச் சோர்வில்தான் மேம்பாடு என்கிற மோகினி வருகிறாள். ஒழுகுகிற ஜன்னலை விட்டுவிட்டுப் கடல் வரைபடம் காட்டும் பெரிய திரை வைத்த பிளாட்டர் வாங்குகிறவர்களை யார்டில் நிறையப் பார்க்கிறேன். எல்லோரும் படித்தவர்கள். செப்டம்பரில் சவுத்தாம்டன் படகுக் கண்காட்சி நடத்துகிறவர்களுக்கு மனித மனம் தெரியும். அங்கே கிரீஸுக்குக் கூட்டம் கூடி நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் மேம்பாடு தயிரில் ஆரம்பித்தது. "இவ்வளவு செலவு பண்றீங்க, ஒரு கிண்ணம் தயிர் கெடாம வைக்க அந்தப் படகுல இடம் இருக்கா?" என்றாள் மனைவி. அவள் கேட்டது கேள்வி. நான் அதை அரசாணையாக எடுத்துக்கொண்டேன். 12 வோல்ட்டில் ஓடும் சின்ன ஃப்ரிட்ஜ் வந்து இறங்கியது.

ஃப்ரிட்ஜ் மின்சாரம் குடிக்கும். பழைய ஈய அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் போய்விடும். ஆகவே லித்தியம். லித்தியம் அருமையான பொருள். கிட்டத்தட்ட மொத்தத்தையும் எடுக்கலாம், எடையும் குறைவு. ஆனால் சார்ஜ் ஏறும்போது அதற்கு அடக்கம் தெரியாது. எஞ்சினோடு ஓடும் ஆல்டர்னேட்டர் தருவதை எல்லாம் வாங்கிக்கொண்டே இருக்கும். கிழட்டு ஆல்டர்னேட்டர் சூடேறிப் புகைந்துவிடும். ஆகவே நடுவில் அளந்து கொடுக்க ஒரு சார்ஜர். அதற்குத் தடித்த கேபிள், அந்தக் கேபிளுக்குப் பெரிய ஃப்யூஸ். எல்லாம் முடிந்தபிறகு கையேட்டின் கடைசிப் பக்கத்தில், பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யக்கூடாது என்று போட்டிருந்தது. ஜனவரியில் யார் படகோட்டப் போகிறார்கள் என்று கேட்கக்கூடாது. ஆகவே டீசல் ஹீட்டர். ஹீட்டருக்குப் புகைபோக்கி வேண்டும். புகைபோக்கிக்குப் படகின் பின்பக்கத்தில், தண்ணீர் மட்டத்துக்கு மேலேதான் என்றாலும், ரம்பம் வைத்து வட்டமாக ஓர் ஓட்டை. ஹீட்டரின் விசிறிக்கும் பம்புக்கும் மின்சாரம்? பேட்டரியிலிருந்துதான். பேட்டரியைக் காப்பாற்ற ஹீட்டர், ஹீட்டரை ஓட்ட பேட்டரி. ஒரு கிண்ணம் தயிர்.

எங்கள் சென்டாரை வரைந்த அதே லாரன்ட் ஜைல்ஸ் வடிவமைப்புக் கூடத்தில் வரைந்த வாண்டரர் III என்ற முப்பதடிப் படகில் ஹிஸ்காக் தம்பதி 1952-லிருந்து 1955 வரை உலகத்தையே சுற்றி வந்தார்கள். அவர்கள் தயிருக்கு என்ன செய்தார்கள் என்று மனைவியிடம் பேச்சை எடுத்துப் பார்த்தேன். "அவங்க வெள்ளைக்காரங்க" என்று முடித்துவிட்டாள்.

பக்கத்துப் படகு பழைய மரப் படகு. அதன் சொந்தக்காரர் ஓய்வு பெற்றவர். தார்ப்பாய்க்குள் குடியிருப்பவர் போலவே காலையில் டீக் குவளையோடு வெளியே வருவார். படகு தண்ணீரைப் பார்த்து யுகம் ஆயிற்று. ஏணியில் கொடி படர்ந்திருக்கிறது. யார்டில் எல்லோரும் யோசனை கேட்பது அவரிடம்தான். கடலுக்குப் போகிறவர்களுக்கு இவ்வளவு கற்றுக்கொள்ள நேரம் ஏது? என் கேபிள்களைப் பார்த்துவிட்டு, "தண்ணியில இருந்தா எல்லாம் ரிப்பேர் ஆகும் தம்பி, இங்க பாரு, எனக்கு ஒண்ணும் ஆகல" என்றார். ஆங்கிலத்தில்தான் சொன்னார், தொனியில் தம்பி இருந்தது.

எனக்கு முன்னால் இந்தப் படகை வைத்திருந்த மகானுபாவரும் மேம்பாட்டில் நாட்டமுள்ளவர். எங்கேயோ சிவப்பு ஒயர் மலிவாகக் கிடைத்திருக்கிறது. விளக்குக்குச் சிவப்பு, பம்புக்குச் சிவப்பு, எர்த்துக்கும் சிவப்பு. எங்கும் போகாத சிவப்பு ஒயர் ஒன்றும் உண்டு. அதை வெட்டினால் பாய்மர உச்சி விளக்கு அணைகிறது.

படகில் போல்ட்டுகளின் இருப்பிடம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கை போகிற இடத்துக்குக் கண் போகாது. கண் போகிற இடத்துக்குக் கை போகாது. எஞ்சினுக்குப் பின்னால் தலைகீழாகத் தொங்கி, வாயில் டார்ச்சைக் கவ்வி, நட்டை விரல் நுனியால் மரையில் பொருத்தும் அந்தக் கணத்தில் அது நழுவும். டிங். ஒரு சின்ன மௌனம். பிறகு பில்ஜுக்குள் ளொடக். படகின் அடிவயிறான பில்ஜில் விழுந்ததைக் காந்தம் கட்டி எடுக்கலாம் என்பார்கள். கடலுக்கு நல்லது என்று 316 ரக ஸ்டெயின்லெஸ் எஃகில் வாங்கியிருக்கிறோமே, அதைக் காந்தம் சீண்டாது. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். எண்ணெய்த் தண்ணீரில் துழாவும்போது கிடைப்பது எதுவும் நாம் தேடியது அல்ல. போன வருடம் தேடியது.

கழிவறைக் குழாயைப் பற்றி நாசூக்காகச் சொல்லப் பார்க்கிறேன். கடல் தண்ணீரும் மனிதத் தண்ணீரும் கலந்தால் குழாய்க்குள் சுண்ணாம்பு படியும். வருடங்கள் போகப் போக, ஒன்றரை அங்குலக் குழாயில் சுண்டுவிரல் நுழையும் வழிதான் மிச்சம் இருக்கும். அதைக் கழற்றி, யார்டின் மூலைக்கு எடுத்துப்போய், தரையில் ஓங்கி ஓங்கி அடித்தால் உள்ளே இருப்பது செதில் செதிலாகக் கொட்டும். வண்ணான் துறை நினைவு வரலாம்; வாசனை வேறு. பனிக்கால ஞாயிறுகளில் கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்ட டாக்டர்களும் வக்கீல்களும் அங்கே குழாய் அடிப்பதைப் பார்க்கலாம். யாரும் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. லின், லாரி பார்டி தம்பதி செராஃபின் என்ற 24 அடிப் படகில் எஞ்சின்கூட இல்லாமல் உலகம் சுற்றியவர்கள். கழிவறைக்கு அவர்களிடம் இருந்தது ஒரு வாளி. அவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

இத்தனைக்கும் நடுவில், பனிக்கால வேலைப் பட்டியலின் முதல் வரியில் ஜன்னல் இருந்தது. இடப்பக்கத்து ஜன்னல் ஒழுகுகிறது. எந்த இடத்தில் என்பது மழையில்தான் தெரியும். சீலன்ட் பிடிக்க இடம் காய்ந்திருக்க வேண்டும். காய்ந்தால் ஒழுகவில்லை. ஒழுகாத ஜன்னலை யாராவது ரிப்பேர் செய்வார்களா? சொட்டுகிற இடத்துக்கும் உள்ளே நுழைகிற இடத்துக்கும் சம்பந்தம் இருக்காது என்று வேறு தார்ப்பாய் பெரியவர் சொல்லியிருந்தார். மார்ச் வரை காத்திருப்போம், வெயில் வரட்டும் என்று முடிவாயிற்று. மார்ச்சில் வந்தது மார்ச் மழை.

ஹீட்டர் மட்டும் பழுதில்லாமல் ஓடியது. அதன் வெப்பக் காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் உறை ஊற்றி வைத்தால் தயிர் அருமையாகத் தோய்கிறது என்பதை மனைவி கண்டுபிடித்தாள். தோய்ந்த கிண்ணத்தைத் தரைப்பலகைக்கு அடியில் வைத்தால் போதும். வசந்தத்தில் சொலன்ட் கடலின் தண்ணீர் பத்து டிகிரிதான். ஃப்ரிட்ஜுக்குள் இப்போது ஸ்பேனர் செட் இருக்கிறது. படகில் ஈரம் புகாத இடம் அது ஒன்றுதான்.

ஏப்ரலில் ஹாயிஸ்ட் வண்டி மறுபடி வந்தது. தண்ணீர் உச்சத்தில் இருக்கும் சிறிது நேரத்துக்குள் இறக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் சேற்றில்தான் இறக்கலாம். படகு மிதக்கத் தொடங்கியதும் பட்டையைக் கழற்றமாட்டார்கள். சொந்தக்காரர் உள்ளே போய் வால்வுகளைப் பார்த்து, "எல்லாம் சரி" என்று சொல்ல வேண்டும். போனேன். வால்வுகள் காய்ந்திருந்தன. தரைப்பலகையைத் தூக்கினால் பில்ஜில் நாலு விரற்கடைத் தண்ணீர்.

மேலிருந்து ஹாயிஸ்ட்காரர், "என்ன, விடலாமா? கடல் இறங்குது!" என்று கத்தினார். இந்த நேரத்தில் படகுக்காரன் செய்வதற்கு ஒன்றுதான் உண்டு. விரலை விட்டேன். நாக்கில் வைத்தேன். டீசல், கிரீஸ், போன வருடத்து நட்டு, ஏதோ ஒரு பழைய சூப். அத்தனைக்கும் பின்னால் ஒன்று இல்லை. இன்னொரு தரம் வைத்து நிச்சயப்படுத்திக்கொண்டேன். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று பாடிய வாய்க்கு அன்று உப்பில்லாதது தேவாமிர்தம். கடல் தண்ணீர் அல்ல, மழைத் தண்ணீர். ஜன்னல் தண்ணீர்.

"ஜன்னல்தான்! விடுங்க!" என்று கத்தினேன். பட்டை தளர்ந்தது. பெரியவர் குவளையைத் தூக்கி ஆட்டினார். மனைவி கிண்ணத்தைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டாள்.