மாமா, சித்தப்பாக்களுக்கான ஓட்டப்பந்தயக் கையேடு

உங்கள் வீட்டுப் பையன் குறுவட்டத்தில் ஜெயித்து, வருவாய் மாவட்டத்தில் ஜெயித்து, குடியரசு தின தடகளத்தில் மாநிலப் போட்டி வரைக்கும் வந்துவிட்டான். இனி அவனுக்கு வேலை குறைவு. நூறு மீட்டரும் ரிலேயும் ஓடினால் போதும். மற்றதெல்லாம் உங்கள் பொறுப்பு.

பெயரில் குடியரசு தினம் இருக்கிறதே என்று ஜனவரிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையிலேயே நடந்து முடிந்துவிடும் வருஷங்கள் உண்டு. குடையும் வேண்டும், தொப்பியும் வேண்டும். மதுரையில் போட்டி என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலை பஸ் ஏறி, மாட்டுத்தாவணியில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியம் என்று சொல்லுங்கள். சீக்கிரம் போய்விட்டோமே என்ற கவலை வேண்டாம். சிறப்பு விருந்தினர் உங்களுக்கும் பின்னால்தான் வருவார்.

உட்காரும் இடம் முக்கியம். விவரம் தெரிந்தவர்கள் முடிவுக்கோட்டுக்கு நேரே, வெயிலில் உட்காருவார்கள். நீங்கள் நிழலைத் தேடிப் போங்கள். அங்கிருந்து குண்டு எறிதல் நன்றாகத் தெரியும்.

அடுத்து பையனைக் கண்டுபிடிக்க வேண்டும். பனியனில் செஸ்ட் நம்பரை மாட்ட முடியாமல், நாலு ஊக்கில் ஒன்றைத் தொலைத்துவிட்டுத் தவித்துக்கொண்டிருப்பவன்தான் உங்கள் பையன். அவன் அம்மா தாலிக்கொடியில் கோத்து வைத்திருக்கும் ஊக்கைக் கழற்றி, பல்லில் கடித்துக்கொண்டு, துணியை இழுத்து நேராக்கி, நாலாவது மூலையைக் குத்திவிடுவார். இந்தக் கையேட்டில் உருப்படியான யோசனை ஒன்று உண்டென்றால் அது இதுதான்: ஊக்கு நிறைய எடுத்துப் போங்கள். ஊக்கு குத்திய கையோடு, பட்டினியாக ஓடக்கூடாது என்று இரண்டு உருண்டை தயிர்சாதம் ஊட்டிவிடுங்கள். மைக்கில் ஃபைனல் கால் அலறிக்கொண்டிருக்கும். பி.இ.டி. சார் தூரத்திலிருந்து இரண்டு கையையும் ஆட்டுவார். அது வணக்கம் இல்லை. இருந்தாலும் பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டு வையுங்கள்.

அவன் முறை வரும்வரை மற்றவர்களின் ஓட்டத்தைப் பார்த்து அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருக்கலாம். அதற்கு 400 மீட்டர்தான் வசதி. எட்டுப் பேரும் எட்டு இடத்தில் நிற்பார்கள். முதல் லேன்காரனைவிட எட்டாவது லேன்காரன் 53 மீட்டர் முன்னால் நிற்பான். வெளி வளைவில் ஓடவேண்டிய தூரம் அதிகம், அதற்குக் கழித்துக் கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கணக்கையெல்லாம் நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. “என்னங்க அநியாயம், அந்தப் பையன் யார் வீட்டுப் புள்ளை?” என்று சத்தமாகக் கேளுங்கள். பெரும்பாலும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் பிள்ளையாகத்தான் இருக்கும்.

நூறு மீட்டர் வந்துவிட்டதா? ஸ்டார்ட்டர் ‘செட்’ என்றதும் மைதானமே மூச்சடக்கி நிற்கும். உங்கள் குரல் எடுபடுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. சர்வதேச விதிப்படி 2010 முதல் ஒரே ஒரு தடவை முந்திக் கிளம்பினாலும் ஆள் வெளியே. நீங்கள் போடும் கூச்சலில் யார் முந்துவார் என்பது அவரவர் தலையெழுத்து.

நேரம் எடுப்பதும் உங்கள் வேலைதான். முடிவுக்கோட்டில் நிற்பவரின் காதுக்குத் துப்பாக்கிச் சத்தம் வந்து சேர ஏறக்குறைய 0.3 விநாடி ஆகும். அதனால்தான் கையால் நேரம் எடுக்கும் நடுவர்கள் சத்தத்துக்குக் காத்திருக்காமல், புகையைப் பார்த்ததும் கடிகாரத்தை அமுக்குகிறார்கள். நீங்கள் சத்தம் கேட்டு, திடுக்கிட்டு, போனில் லாக்கைத் திறந்து, அப்புறம் அமுக்குகிறீர்கள். பையன் 9.4 விநாடியில் வந்துவிட்டான்! உசைன் போல்ட் 2009-ல் பெர்லினில் ஓடியதே 9.58தான். உடனே குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். பலகையில் 11.3 என்று வந்தால் மெஷின் கோளாறு.

பையன் நூலிழையில் நாலாவது என்று வையுங்கள். முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருப்பான். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலத்தைத் தவறவிட்டது ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு என்பதை எடுத்துச் சொல்ல அதுதான் சமயம். தலை, கை, கால் எது முந்தினாலும் கணக்கில் சேராது, உடம்புதான் கோட்டைத் தொடவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். “நெஞ்சை இப்படித் தள்ளியிருக்கணும்டா” என்று செய்தும் காட்டுங்கள். உங்கள் நெஞ்சுக்கு ஓரடி முன்னாலேயே தொப்பை போய்ச் சேர்ந்துவிடும். விதிப்படி உங்களுக்குத்தான் தங்கம்.

சாயங்காலம் ரிலேயில் மூன்றாமிடம் கிடைத்தால், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சான்றிதழ் வாங்காமல் கிளம்பிவிடக் கூடாது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் இருக்கிற விவரம், ரிலேயில் எத்தனை பேர் ஓடுவார்கள் என்று தெரியாத பெரியப்பாவுக்கும் அத்துப்படி. பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி எல்லாம் சரியா என்று மேசை முன்னாலேயே நின்று எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பின்னால் நிற்பவர்கள் முனகட்டும். ஊருக்கு வந்ததும் ஆசை ஆசையாக லேமினேட் மட்டும் பண்ணிவிடாதீர்கள். பின்பக்கம் எந்த அதிகாரியாவது சீல் வைக்க வேண்டியிருக்கும்.