விளையாட்டு மாதிரி

கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு ஓசியாக வந்த சிடியில்தான் 'ஹாஃப்-லைஃப்: அப்லிங்க்' என்ற கேம் டெமோ எனக்கு அறிமுகமானது. மதுரையில் அப்போது எங்கள் தெருவுக்கே ஒரு கம்ப்யூட்டர். அது சித்தப்பா வீட்டில் இருந்தது. டெமோவில் வேலை சிறியது. பெரிய டிஷ் ஆன்டெனாவைத் திருப்பி வைத்து உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும். அதை முடித்துவிட்டுப் பெருமூச்சு விடும்போது ராட்சத ஜந்து ஒன்று வந்து நிற்கும். திரை இருண்டுவிடும். அப்புறம் என்ன ஆச்சு என்று தெரியாமல் நானும் சித்தப்பா பையனும் ஒரு கோடை விடுமுறை முழுக்கத் தவித்தோம்.

பிறகு முழு விளையாட்டும் கைக்கு வந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். கேட்டால், அந்த சிடியின் பெயர் ஏன் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டிவரும்.

மூன்று வாரம் ஆடினோம். டிஷ் வரவில்லை. "அண்ணே, நீ ஏதோ கதவைத் தொறக்காம வந்துட்ட" என்றான் தம்பி. திரும்பப் போய் எல்லாக் கதவையும் திறந்தேன். சந்தேகப்பட்ட சுவர்களைக் கடப்பாரையால் தட்டினேன். கடைசியில் பூமியை விட்டு வேற்றுலகம் போய், அங்கே மிதந்துகொண்டிருந்த பெரிய வில்லனையும் தீர்த்தாயிற்று. டிஷ் இல்லை.

பல வருடம் கழித்துத்தான் விவரம் தெரிந்தது. விளையாட்டு வெளியானது 1998 நவம்பரில். டெமோ வந்தது அதற்குப் பிறகு, 1999 பிப்ரவரியில். முழு விளையாட்டில் இல்லாத காட்சியை வைத்துத் தனியாகச் செய்த டெமோ அது. பந்தியில் வைக்காத பலகாரத்தை வாசலில் ருசி பார்க்கக் கொடுத்திருக்கிறார்கள். நான் இலையைத் தூக்கித் தூக்கித் தேடியிருக்கிறேன்.

தமிழில் 'மாதிரி' என்றால் சாம்பிள். 'அது போல இருக்கும், ஆனால் அது இல்லை' என்றும் பொருள் வரும். இந்த டெமோ எந்த மாதிரி என்பதை மட்டும் யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை.

முன்பு இந்தக் குழப்பம் குறைவு. 1993-இல் 'டூம்' வந்தபோது முதல் பகுதியை, ஒன்பது லெவலையும், இலவசமாகவே கொடுத்தார்கள். பிடித்தவர்கள் மிச்சத்தைக் காசு கொடுத்து வாங்கினார்கள். தானிலிருந்து கிழித்துக் கொடுத்த பிட்டுத் துணி அது; சாயம் போகுமா என்று வீட்டிலேயே நனைத்துப் பார்க்கலாம். லாஸ் ஏஞ்சலஸ் ஈ3 வீடியோ கேம் கண்காட்சியிலோ துணியைக் கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைக்குக் கட்டிவிட்டார்கள். பொம்மையின் முதுகில் எத்தனை குண்டூசி என்பது கட்டியவருக்குத்தான் தெரியும்.

2003-இல் அங்கே காட்டிய 'ஹேலோ 2' அப்படிப்பட்ட புடவை. கதாநாயகன் இரண்டு கையிலும் துப்பாக்கியோடு வந்தான், ஓடுகிற எதிரி வண்டியில் தாவி ஏறினான், பார்த்தவர்கள் சொக்கிப்போனார்கள். மறுவருடம் நவம்பரில் விளையாட்டு வந்தபோது அந்த லெவலே அதில் இல்லை. அத்தனை நிழலையும் வெளிச்சத்தையும் எக்ஸ்பாக்ஸ் தாங்காது என்று பங்கி நிறுவனத்தார் அந்த கிராஃபிக்ஸ் எஞ்சினையே கைவிட்டிருந்தார்கள். இதில் எனக்குக் கோபம் இல்லை. மந்திரி வருகிற தெருவுக்கு வெள்ளையடிப்பதும் ஊருக்கே வெள்ளையடிப்பதும் ஒன்றா? முதல் 'ஹேலோ' கதை இன்னும் வேடிக்கை. 1999-இல் மேக்வேர்ல்டு மேடையில் அதை அறிமுகம் செய்தவர் ஸ்டீவ் ஜாப்ஸ். அடுத்த வருடமே மைக்ரோசாஃப்ட் பங்கியை விலைக்கு வாங்கிவிட்டது. 2001-இல் விளையாட்டு எக்ஸ்பாக்ஸில் வந்தது.

'வாட்ச் டாக்ஸ்' 2012-இல் டெமோவில் மின்னியது, 2014-இல் வெளியானபோது மங்கியது. ரசிகர்கள் கோப்புகளைக் குடைந்தபோது பழைய மினுமினுப்புக்கான அமைப்புகள் உள்ளேயே கிடந்தன. வெள்ளித் தட்டைப் பரணில் போட்டுவிட்டு அலுமினியத்தில் பரிமாறிய வீடு.

'ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ்' விஷயத்தில்தான் என் இரக்கம் தீர்ந்துபோனது. டெமோவில் பதுங்கிப் பாய்ந்த ஏலியன்கள், 2013-இல் விளையாட்டு வந்தபோது வழி தெரியாத விருந்தாளிகள் போல நேராக நடந்து வந்து சுடப்பட்டன. பிரிட்டனின் விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு வரை புகார் போனது. முன்னோட்டங்கள் இறுதி வடிவத்தைச் சரியாகக் காட்டவில்லை என்பதை, வெளியிட்ட சேகா நிறுவனமே ஏற்றுக்கொண்டது. சில வருடம் கழித்து ஒரு ரசிகர் அதன் கோப்பு ஒன்றில் எழுத்துப்பிழையைப் பிடித்தார். 'டெதர்' என்ற ஆங்கிலச் சொல்லில் ஓர் 'ஏ' கூடுதலாக விழுந்திருந்தது. அந்த ஓர் எழுத்தை அழித்ததும் ஏலியன்களுக்குப் புத்தி வந்துவிட்டது. ஒற்றுப்பிழை ஒன்றுக்கு ஓர் அடி என்று பிரம்பில் கணக்கு வைத்திருந்த எங்கள் தமிழையாவை நினைத்துக்கொண்டேன். அவரிடம் ஒருமுறை அந்தக் கோப்பைக் காட்டியிருக்கலாம்.

போன தீபாவளிக்குத் தம்பி வந்திருந்தான். தலை நரைத்துவிட்டது, அவன் பிள்ளைகளே இப்போது கேம் ஆடுகிறார்கள். அந்த டிஷ் முழு விளையாட்டில் கிடையவே கிடையாது என்ற உண்மையை இருபத்து சொச்சம் வருடம் கழித்து அவனிடம் சொன்னேன். முறுக்கைக் கடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தான்.

"இல்லண்ணே, நீ அந்தக் கதவைத் தொறக்கல" என்றான்.