டத்தோ சர்வருக்குப் பொன்னாடை

நம் நாட்டில் யார் யாருக்கோ டத்தோ பட்டம் கிடைக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் கார் நிறுத்தப் போனால் இரண்டு டத்தோ கார்களுக்கு நடுவில்தான் இடமே கிடைக்கும். அடுத்த பட்டியலில் குடிநுழைவுத் துறையின் மைஇம்ஸ் கணினி முறையைத் தாங்கி வரும் கிழட்டு சர்வரையும் சேர்க்கும்படி பணிவுடன் பரிந்துரைக்கிறேன். தகுதிக்கு ஒரு குறையும் இல்லை. வேலை செய்யாவிட்டாலும் அதை யாரும் கேள்வி கேட்க முடியாது. அது கொஞ்சம் கண்ணயர்ந்தால் நாடே எழுந்து வரிசையில் நிற்கிறது. அதை வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று சொல்லி எழுதிய ஒப்பந்தங்களின் மதிப்பு கோடிக் கணக்கில் போகிறது. போகாமல் இருப்பது அது ஒன்றுதான்.

இந்த வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. ஒரு சர்வர் பெட்டியின் ஆயுள் ஐந்து வருடம், மிஞ்சினால் ஏழு. அதற்குப் பிறகு உதிரி பாகம் கிடைப்பது கஷ்டம். பெட்டிக்கே உரிய அடிப்படை மென்பொருளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவதும் நின்றுவிடும். ஆகவே பழைய பெட்டியில் இருப்பதை அப்படியே நகலெடுத்து, புதிய பெட்டிக்குள் மெய்நிகர் இயந்திரமாக, அதாவது மென்பொருளால் ஆன பெட்டியாக, ஓட விடுவார்கள். கொஞ்ச நாள் இரண்டும் சேர்ந்தே ஓடும். கணக்கு ஒத்துப்போனதும் ஒரு சனிக்கிழமை இரவு பழையதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எல்லாரும் மாமாக்கில் தே தாரிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். கிள்ளானில் நாலு மேசை போட்ட கணக்காளர் அலுவலகங்கள்கூட இதைச் செய்து முடிக்கின்றன.

குடிநுழைவு அவ்வளவு சின்ன வேலை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். விமான நிலையம், துறைமுகம், ஜொகூர் பாலம் என்று எதையும் ஒரு மணி நேரம்கூட மூடி வைக்க முடியாது. பழைய நிரலை எழுதியவர்களில் எத்தனை பேர் இன்னும் வேலையில் இருப்பார்கள்? அதனால்தான் பெரிய கைகளிடம் கொடுத்தார்கள். 2017-இல் மைஇம்ஸுக்கு மாற்றாக ஸ்கின் என்ற பெயரில் பிரெஸ்தாரியாங் நிறுவனத்துக்கு 15 ஆண்டு ஒப்பந்தம், 350 கோடி வெள்ளி. ஆட்சி மாறியது, 2019-இல் ஒப்பந்தம் ரத்து. நிறுவனம் வழக்குப் போட்டது. 23 கோடியே 15 லட்சம் வெள்ளி இழப்பீடு கொடுக்கச் சொல்லி 2023-இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அரசாங்கத்துக்கு உத்தரவிட்டது. இதற்கிடையில் திட்டத்துக்கு நைஸ் என்று புதுப் பெயர் சூட்டி, 2021-இல் ஐரிஸ் குழும நிறுவனத்திடம் 116 கோடிக்குக் கொடுத்தார்கள். 2023-இல் அதுவும் ரத்து. 2024-இல் ஹைடெக் பாடுவின் முறை.

மெய்நிகர் இயந்திரம் தனக்கென்று ஓர் உடம்பு இல்லாமல் வேலை செய்யும். நம் ஆட்கள் அதையும் தாண்டி, இயந்திரமே இல்லாமல் ஒப்பந்தத்தை மட்டும் ஏழு வருடம் ஓட்டிக் காட்டிவிட்டார்கள். உலகத் தொழில்நுட்பக் கண்காட்சியில் வைக்க வேண்டிய சாதனை.

பழைய பெட்டி தானாகப் படுத்தது போதாதென்று, படுக்க வைத்தவர்களும் இருந்தார்கள். 2016-இல் வெளியே வந்த சங்கதி அது. கேஎல்ஐஏ விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரிகள் சிலரே மைஇம்ஸை வேண்டுமென்றே முடக்கியிருக்கிறார்கள். 15 பேருக்கு வேலை போனது. கௌண்டரில் நம்மிடம் ‘சிஸ்டம் டவுன்’ என்று சொன்ன நேரத்தில் வேறு யாருக்கோ வாசல் திறந்திருந்தது. பெட்டி இளமையாக, ஒழுங்காக ஓடியிருந்தால் இவர்கள் பிழைப்பு என்ன ஆவது? பழுதுக்கும் ஒரு சந்தை விலை உண்டு.

விமான நிலையத்தின் சொந்தக் கணினி முறையும் இதே ஜாதகத்தில் பிறந்ததுதான். 1998 ஜூனில் கேஎல்ஐஏ திறந்தபோதே பயணப் பெட்டிகள் வராமல் பயணிகள் மணிக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். அந்தக் காலத்து முறையை 20 வருடத்துக்கு மேல் வைத்து ஓட்டினார்கள். 2019 ஆகஸ்டில் வலையமைப்புச் சாதனம் செயலிழந்து நாள்கணக்கில் எல்லாம் தடுமாறியது. கேஎல் சென்ட்ரலில் விரைவு ரயில் ஏறி 28 நிமிடத்தில் வந்து இறங்கியவர்கள், விமான விவரத்தை மார்க்கர் பேனாவில் எழுதிய வெள்ளைப் பலகைக்கு முன்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். 2025 மார்ச்சில் இணையத் தாக்குதல். மறுபடியும் வெள்ளைப் பலகை. ஊடுருவியவர்கள் ஒரு கோடி அமெரிக்க டாலர் கேட்டார்கள், ஐந்து நொடிகூட யோசிக்காமல் மறுத்துவிட்டேன் என்றார் பிரதமர் அன்வார். மறுத்தது சரிதான், கைதட்டுவோம். ‘முடியாது’ என்று சொல்ல ஐந்து நொடி போதுமென்றால், ‘பெட்டியை மாற்று’ என்று சொல்ல மட்டும் ஏன் இருபது வருடம்? அதே ஆண்டு ஜூலையில் குடிநுழைவின் தானியங்கிக் கதவுகளும் பல வாசல்களில் ஒரே நாளில் கைவிரித்தன. வருத்தம் தெரிவித்தார்கள். வருத்தம் தெரிவிக்கும் முறை மட்டும் இந்த நாட்டில் ஒரு நாளும் டவுன் ஆனதில்லை.

மேலே இருப்பவர்களுக்கு இதனால் ஒரு கஷ்டமும் இல்லை, அவர்களுக்குத் தனி வழி இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்துபவர், ஊரிலிருந்து வந்த சமையல்காரருக்குப் பர்மிட் புதுப்பிக்க விடிகாலையில் கோப்போடு போகிறார். “சிஸ்டம் டவுன்லா அண்ணே, நாளைக்கு வாங்க.” நாளைக்கும் அதே பதில். சர்வர் தேதியை மறக்கலாம், மன்னிப்பு உண்டு. சமையல்காரரின் பர்மிட் தேதி முடிந்தால் என்ன ஆகும்? ரெய்டு வரும் ராத்திரியில் எந்த சிஸ்டமும் டவுன் ஆவதில்லை. லோரி நேரத்துக்கு வரும், கைவிலங்கு ஒழுங்காகப் பூட்டும். “உங்கள் கம்ப்யூட்டர்தான் ஐயா வேலை செய்யவில்லை” என்று அவர் எந்த மொழியில் சொன்னாலும் கேட்க அங்கே கௌண்டர் கிடையாது. முதலாளிக்கு ஒரு நாள் வியாபாரம் போனது, சமையல்காரருக்கு வாழ்க்கையே போனது. ஒப்பந்தம் ரத்தானவருக்கு நீதிமன்றம் இழப்பீடு கணக்குப் போட்டுக் கொடுக்கிறது. இவர் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்?

ஆகவே உள்துறை அமைச்சு புதிய முறையின் வண்ணப்படத்தையும் பெயரையும் ரிப்பன் வெட்டும் விழாவையும் எங்களுக்குக் காட்ட வேண்டாம். மூன்று முறை காட்டிவிட்டீர்கள். பழைய பெட்டியின் பிளக்கை எந்தத் தேதியில், எத்தனை மணிக்குப் பிடுங்கப் போகிறீர்கள், அன்றைக்குப் பிடுங்காவிட்டால் யாருடைய சம்பளத்தைப் பிடிப்பீர்கள் என்று மட்டும் எழுதிக் கௌண்டரில் ஒட்டுங்கள்.