சாண்டோ பனியனும் இருபது கிலோ முரணும்: ஒரு முன்னாய்வு

தமிழ் ஆண்மகன் ஒரு பயில்வானின் பெயரை மேனியில் மாட்டிக்கொண்டுதான் ஈஸி சேரில் சாய்ந்து பேப்பர் படிக்கிறான். கையில்லாத பனியனுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் சாண்டோ. யூஜின் சாண்டோ 1867-இல் பிரஷ்யாவில் பிறந்தவர். 1905 வாக்கில் இந்தியாவுக்கும் வந்து புஜத்தைக் காட்டிக் காசு பார்த்தவர். அவர் போய்விட்டார், பனியன் தங்கிவிட்டது. பனியனுக்குள் இருந்திருக்க வேண்டியது எங்கே போயிற்று என்பதே இவ்வாய்வின் வினா.

ஆய்வுக் களம்: ஒரு வீட்டு ஹால், ஒரு தெருமுனை ஜிம். தரவு: ஒரே ஆள், வயது 46, தொந்தி உண்டு. ஆய்வாளரும் ஆய்வுப்பொருளும் ஒருவரே ஆகையால் ஒப்புதல் கையெழுத்து வாங்குவதில் சிக்கல் எழவில்லை.

ஆய்வுப்பொருள் ஜிம் பக்கம் போகாதது ஏன் என்பதற்கு ஏற்கெனவே நிலவும் கொள்கை ஒன்றுண்டு. “சோம்பேறித்தனம், வேற ஒண்ணுமில்ல” என்று அதை நிறுவியவர் என் மனைவி. பணிவோடு மறுக்கிறேன். இந்தச் சோம்பேறிதான் இரண்டு நாளைக்கு ஒருமுறை 20 லிட்டர் தண்ணீர் கேனை வாசலிலிருந்து தூக்கி, தொடையில் ஒரு கணம் தாங்கி, மூச்சைப் பிடித்து, டிஸ்பென்சர் தலையில் கவிழ்க்கிறான். தண்ணீர் மட்டுமே 20 கிலோ. ஆண்கள் பளுதூக்கும் போட்டியின் கம்பி, தட்டு எதுவும் மாட்டாமல், அதே 20 கிலோ. கேனிடம் வராத கூச்சம் கம்பியிடம் மட்டும் வருவானேன்? இதனை ‘இருபது கிலோ முரண்’ என்க.

எடை ஒன்றே எனில், வேறுபாடு பார்வையாளரிடம் இருக்க வேண்டும். கேன் கவிழ்ப்பதைப் பார்ப்பவர் ஒருவரே. “தரையில சிந்தாதீங்க” என்பதற்கு மேல் அவருக்கு விமர்சனம் கிடையாது. ஜிம்மிலோ ஊரே பார்க்கும் என்று அஞ்சி ஆய்வாளர் ஆறு மாதம் கடத்தினார். முதலில் ஷூ வாங்க வேண்டியிருந்தது. பிறகு ஆடி போகட்டும் என்றார். கடைசியில் ‘கொஞ்சம் இளைத்துவிட்டு ஜிம்மில் சேரலாம்’ என்ற முடிவுக்கு வந்தார். வேலைக்கார அம்மா வருவதற்குள் வீட்டைப் பெருக்கி வைப்பவர்களுக்கு இந்தத் தர்க்கம் எளிதில் விளங்கும்.

கார்னெல் பல்கலைக்கழக உளவியலார் 2000-இல் வெளியிட்ட சோதனை இங்கே உதவுகிறது. மாணவர்கள் போடவே கூசும், பாரி மேனிலோ என்ற பாடகரின் படம் போட்ட டி-சர்ட்டை அவர்களுக்கு மாட்டி, நாலு பேர் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் கூசினார்கள். கவனித்தவர் கால்வாசிதான். தொந்திக்கும் இது பொருந்துமா என்றறிய ஆய்வாளர் ஒரு திங்கட்கிழமை காலை ஜிம்முக்குள் நுழைந்தார். சுவரெல்லாம் கண்ணாடி. ஒருவர் தம் புஜத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் தம்முடையதைப் போனில் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தவர் ட்ரெய்னர் தம்பி மட்டுமே. “அங்கிள், மொதல்ல வெறும் ராடு போடுங்க” என்றார். வெறும் ராடு வலிக்கவில்லை, அங்கிள் வலித்தது.

வயதைச் சாக்காக வைக்கலாமா என்றும் ஆராய்ந்தாயிற்று. வழியில்லை. 1990-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரி 90 வயதான முதியோர் இல்லவாசிகள் எட்டு வாரம் எடைப்பயிற்சி செய்து கால் வலுவை இரு மடங்குக்கும் மேலாக்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் தம்பி முறை.

ஆறாம் வார நிலவரம்: தொந்தி அப்படியே இருக்கிறது, ராடு மட்டும் லேசாகிவிட்டது. தொடக்க வாரங்களில் ஏறும் வலுவில் பெரும்பங்கு நரம்புகள் பழகிக்கொள்வதால் வருவது என்பதால் இதில் மர்மம் ஏதுமில்லை. மனைவி தம் கொள்கையை இன்னும் திரும்பப் பெறவில்லை.

நாளைக் காலை உங்கள் வாசலில் கேன் வந்து இறங்கும்போது ஒரு உதவி செய்யுங்கள். முதுகை வளைக்காமல், இடுப்பையும் முழங்காலையும் மடக்கி, கேனை உடம்போடு ஒட்டினாற்போலத் தூக்குங்கள். ஜிம்மில் அதற்கு டெட்லிஃப்ட் என்று பெயர்.