எட்டுப் பௌர்ணமி, ஏழு அமாவாசை

ஒற்றைப்படை மாதங்களில் எங்கள் வீட்டில் எனக்கு யாரும் வேலை வைப்பதில்லை. வைத்துப் பிரயோஜனமில்லை என்று என் மனைவி என்றைக்கோ தெரிந்துகொண்டுவிட்டாள். ஜனவரி, மார்ச், மே, ஜூலை, செப்டம்பர், நவம்பர் என்று வருஷத்துக்கு ஆறு தடவை, இரண்டாவது ஞாயிறு வாக்கில் தொடங்கிப் பதினைந்து நாள் சுமோ நடக்கும். பாஷோ என்பார்கள். மூன்று பாஷோ டோக்கியோவில். மற்றவை ஒசாகா, நாகோயா, ஃபுகுவோகா. 1958 முதல் இதுதான் ஏற்பாடு. குழாய் ரிப்பேர், பல் டாக்டர், பால்கனியில் கிடக்கும் அட்டைப்பெட்டிகளை ஒழிப்பது எல்லாம் எங்கள் வீட்டில் இரட்டைப்படை மாதங்களுக்குத் தள்ளிவைக்கப்படும். இரட்டைப்படை மாதம் வந்தபிறகும் அவை ஏன் நடப்பதில்லை என்பது வேறு கதை.

நாங்கள் இருப்பது டோக்கியோவின் கிழக்கே நிஷி கசாயில். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த இந்தியக் குடும்பங்கள் நிறைந்த பேட்டை. கறிவேப்பிலை, உளுத்தம்பருப்பு எல்லாம் நடந்துபோகிற தூரத்தில் கிடைக்கும். நானும் அப்படி வந்தவன்தான். ஓடியாடி விளையாடிய சரித்திரம் கிடையாது. சுமோவோடு எனக்குள்ள ஒரே சம்பந்தம் என் தொப்பை. அதையும் என் மனைவி ஒப்புக்கொள்வதில்லை. "அவங்களுக்கு இருக்கிறது தசை. உங்களுக்கு இருக்கிறது சாதம்" என்கிறாள்.

எனக்கு இந்த ஆட்டம் பிடித்துப்போனதற்குக் காரணம் அதன் கணக்கு. மேல் பிரிவில் 42 மல்லர்கள். ஆளுக்குத் தினம் ஒரு மோதல், பதினைந்து நாளில் பதினைந்து. கோப்பை ஒருவருக்குத்தான். ஆனால் மற்ற 41 பேரும் சும்மா வந்துபோகிறவர்கள் அல்ல. எட்டு ஜெயித்துவிட்டால் 'காச்சிகோஷி'. அடுத்த பாஷோவில் பட்டியலில் ஒரு படியாவது மேலே போக வாய்ப்பு உண்டு. ஏழோடு நின்றுபோனால் 'மாகேகோஷி', கீழே இறங்கவேண்டியதுதான். 'ஓசெகி' என்கிற பெரிய அந்தஸ்தில் இருப்பவர்கூட அடுத்தடுத்து இரண்டு பாஷோவில் எட்டைத் தொடாவிட்டால் அந்தஸ்து போய்விடும். உச்சியில் இருக்கும் 'யோகோசுனா'வை மட்டும் இறக்கமாட்டார்கள். முடியவில்லை என்றால் அவரே ஓய்வு பெற்றுக்கொள்ளவேண்டும். நூற்றுக்கு முப்பத்தைந்து வாங்கினால் பாஸ் என்ற ஊரில் முப்பத்தாறு வாங்கியே எல்லா வகுப்பையும் தாண்டியவன் நான். பதினைந்துக்கு எட்டு வாங்கினால் கௌரவம் என்று ஒரு விளையாட்டு சொன்னால் விட்டுவிடுவேனா?

தினமும் முடிவு பார்க்காமல் இருக்கமுடியாததற்கு இன்னொரு காரணம், இங்கே முழு அட்டவணையை முன்கூட்டியே போட்டுவைப்பதில்லை. நாளைக்கு யாருக்கு யார் என்பதை அதற்கென்று இருக்கிற குழு அவ்வப்போதைய நிலவரத்தைப் பார்த்துத்தான் போடுகிறது. நன்றாக ஜெயித்துக்கொண்டிருக்கிறவனுக்குப் பலசாலியாகப் பார்த்து மாட்டிவிடுவார்கள். ஒரே கூடத்தில் பயிற்சி பெறுகிறவர்களை மட்டும் மோதவிடுவதில்லை, கோப்பைக்குச் சமநிலை வந்தாலொழிய. அதனால் தினமும் முடிவு தெரிந்ததும் மறுநாளைக் கவலை ஆரம்பித்துவிடும். அந்தக் கவலைக்கு ஆதாரமும் உண்டு. கொதோசகுரா என்ற மல்லர் 2024 நவம்பரில் 14 ஜெயித்து ஒன்றே ஒன்று தோற்றுக் கோப்பை வாங்கினார். யோகோசுனா ஆகிவிடுவார் என்று எல்லோரும் பார்த்திருக்க, அடுத்த ஜனவரியில் 5 ஜெயித்து 10 தோற்றார். அந்த ஜனவரியில் நான் எப்படி ஆபீஸ் போய்வந்தேன் என்பது எனக்கே தெரியாது. எப்போதும்போலத்தான் வேலை பார்த்தேன், அதாவது வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை.

என் ஆள் கொதோசகுரா அல்ல. தமவாஷி. மங்கோலியாவில் 1984-இல் பிறந்தவர். மல்யுத்தப் பழக்கமே இல்லாமல் சுமோவுக்குள் நுழைந்தவர். முதல் மோதல் 2004 ஜனவரியில். அதிலிருந்து இருபது வருஷம் காயம் என்று சொல்லி ஒரு நாள்கூட லீவு போடவில்லை. 2024 செப்டம்பரில் இடைவிடாமல் 1,631-ஆவது மோதலில் இறங்கிப் பழைய சாதனையைத் தாண்டினார். 2022 செப்டம்பரில் 37 வயதில் கோப்பை வாங்கினார். ஆறு பாஷோ முறை வந்தபின் அந்த வயதில் யாரும் வாங்கியதில்லை. வீட்டில் பிஸ்கட் சுடுவதும் கைவேலை செய்வதும் பொழுதுபோக்காம். பல பாஷோக்களில் எட்டுக்கும் ஏழுக்கும் நடுவே அல்லாடுவார். தலைவலி என்றாலே லீவு போடுகிற நான் இவருடைய பரம ரசிகன் ஆனதில் என்ன பொருத்தம் என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது.

கஷ்டம் எங்கே என்றால், கடைசி மோதல் மாலை ஆறு மணிக்கு முன்னால் முடிந்துவிடும். என்.எச்.கே.யில் நேரலை. அந்த நேரத்தில் நான் ஆபீசில் இருப்பேன். ஆகவே பதிவுசெய்து வைத்து எட்டு மணிக்குப் பார்ப்பது வழக்கம். ஆறிலிருந்து எட்டுவரை முடிவு காதில் விழாமல் வீடுபோய்ச் சேரவேண்டும். மூத்த சக ஊழியர் ஒருவர் ஆறு மணிக்குக் கைபேசியைப் பார்த்து "ஆஹா" என்பார். அந்த "ஆஹா" யோகோசுனா ஜெயித்ததற்கா, தோற்றதற்கா என்று யோசித்தபடியே நான் பையை எடுத்துக்கொண்டு ஓடுவேன். ரயிலில் கதவுக்கு மேலே உள்ள சின்னத் திரையில் செய்தி ஓடும் என்பதால் முகத்தைத் தரைக்குத் தாழ்த்தி நிற்பேன். கைபேசியை அணைத்துவிடுவேன். சென்னையில் இருக்கும் மச்சினன் ஒருவன், அங்கே மதியம் இரண்டரை மணி ஆகும்போது சாப்பிட்ட கையோடு முடிவைத் தேடி எனக்கு அனுப்புவதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறான். சுமோவில் அவனுக்குத் துளியும் அக்கறை கிடையாது. அக்கறை என்மேல்தான்.

வீட்டுக்குள் நுழைந்தால் பையன். "அப்பா, சொல்லட்டுமா?" என்று ஆரம்பிப்பான். வாயை மூட ஒரு மணி நேரம் கேம். முந்தைய பாஷோவில் அரை மணியாக இருந்தது.

இதையெல்லாம்கூடச் சமாளித்துவிட்டேன். சமாளிக்க முடியாமல் போனது மாமியார் வந்திருந்த மே மாதத்தில்.

சுமோவில் ஜெயித்தால் வெள்ளை வட்டம், தோற்றால் கறுப்பு வட்டம் போடுவது மரபு. நான் அதை ஊரிலிருந்து கொண்டுவந்த மாதக் காலண்டரில் போட்டுவருவேன். சமையலறைச் சுவரில் அது தொங்கும். பிள்ளையார் படம், ராகுகாலம், எமகண்டம், கீழே ஜவுளிக்கடை விலாசம். நம் காலண்டரில் வெள்ளை வட்டம் பௌர்ணமி, கறுப்பு வட்டம் அமாவாசை என்பது எனக்கு ஞாபகத்தில் இல்லை. தமவாஷி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் காலையில் மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்:

"ஏன் மாப்பிள்ளை, இந்த ஊர்ல நாலு நாள் சேர்ந்தாப்ல அமாவாசை வருமா?"

"அம்மா, அது அவரோட மல்யுத்தக் கணக்கு. ஒரு அமாவாசைக்கே தர்ப்பணத்தை மறந்துபோறவர், நாலு அமாவாசைக்கு எங்க போவார்?" என்றாள் என் மனைவி.

மாமியார் சமாதானம் ஆகவில்லை. "எதுவா இருந்தா என்ன? காலண்டர்ல கறுப்பு விழுந்தா கறுப்புதான். எதுக்கு வம்பு" என்று சொல்லி, அன்றிலிருந்து தமவாஷி தோற்ற நாட்களில் சமையலில் வெங்காயம், பூண்டை நிறுத்திவிட்டார். வாழைக்காய்ப் பொரியலும் மிளகு ரசமும். ஜெயித்தால் சின்ன வெங்காய சாம்பார். ராத்திரிச் சமையலுக்கு ஆறு மணிக்கே தெரியவேண்டுமே? பேரனை நேரலை பார்க்கச்சொல்லி முடிவைக் கேட்டுக்கொள்வார். "பாவம், அந்தப் புள்ள இன்னிக்காவது ஜெயிச்சுதாடா?"

ரயிலில் தலை குனிந்து, கைபேசியை அணைத்து, காதில் பஞ்சு வைக்காத குறையாக வந்து லிஃப்டிலிருந்து இறங்குவேன். எங்கள் வீட்டு வாசலில் வெங்காய வாசனை அடித்தால் தமவாஷி ஜெயித்துவிட்டார். அடிக்காவிட்டால் தோற்றுவிட்டார். மூக்கை மூடிக்கொண்டு வந்தும் பார்த்தேன். அடுத்த வீட்டு ஜப்பானிய அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் அதையும் விட்டுவிட்டேன்.

அந்த பாஷோவிலேயே ஒருநாள் குடும்பத்தோடு சுமோ அரங்கம் இருக்கிற ரியோகோகுவுக்குப் போனோம். நிஷி கசாயிலிருந்து ரயில் ஏறி மோன்சென் நாகாச்சோவில் மாறவேண்டும். அந்த இடத்துக்கும் சுமோவுக்கும் பழைய உறவு. அங்குள்ள தோமியோகா ஹச்சிமான் கோயிலில்தான் 1684-இல் கோயில் நிதிக்காகச் சுமோ நடத்த அரசாங்க அனுமதி கிடைத்தது. யோகோசுனாக்களின் பெயர் செதுக்கிய பெரிய கல் ஒன்று அங்கே நிற்கிறது. இறங்கிப் பார்க்கலாம் என்று நான் சொன்னதை மூன்று பேரும் கேட்காததுபோல் இருந்துவிட்டார்கள்.

கோகுகிகான் அரங்கத்தில் தரைப்பகுதியில் பெரும்பாலும் குழாய்க் கம்பி வைத்துத் தடுத்த சின்னச் சின்னக் கட்டங்கள். கட்டத்துக்கு நாலு மெத்தை, நாலு பேர். அந்த நாலு பேரும் ஒல்லியானவர்கள் என்று யாரோ முடிவுசெய்திருக்கிறார்கள். மாமியார் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கும்வரை அசையவில்லை. நான் ஒரு காலை மடக்கி, மறு காலை மடக்கி, கடைசியில் பையன்மேல் நீட்டினேன். மல்லர்கள் வரிசையாக வந்ததும் மாமியார், "எங்க தாத்தாவும் இப்படித்தான் கோவணத்தோட வயலுக்குப் போவார். இவ்வளவு சதை கிடையாது" என்றார்.

மேடையில் உப்பை அள்ளி வீசுகிறார்கள். தினம் சுமார் 45 கிலோ செலவாகிறதாம். எனக்கு ரத்தக்கொதிப்பு என்று உப்பைக் கரண்டி நுனியில் போடுகிறவள் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் பிரிவில் மோதலுக்கு முன் நாலு நிமிஷம் அவகாசம். முறைப்பார்கள், எழுந்துபோவார்கள், உப்புப் போடுவார்கள், திரும்ப வந்து முறைப்பார்கள். மோதல் சில வினாடியில் முடிந்துவிடும். "நாலு நிமிஷம் முறைச்சு நாலு செகண்ட்ல முடிச்சுக்கறாங்க. நம்ம வீட்டுல நாலு செகண்ட்ல ஆரம்பிச்சு நாலு நாள் போகுது" என்றாள்.

அந்த மேடையில் பெண்கள் ஏறக்கூடாது என்று பையன் அவளிடம் சொல்லிவைத்தான். 2018-இல் ஜப்பானின் மைசுரு நகரத்தில் மேயர் மேடையிலேயே மயங்கிவிழ, முதலுதவி செய்ய ஏறிய பெண்களை இறங்கச்சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பிறகு சுமோ சங்கம் மன்னிப்புக் கேட்டது, வழக்கம் மாறவில்லை. "டிக்கெட்டுக்கு மட்டும் என் காசு செல்லுமோ?" என்றாள். நியாயமான கேள்வி. நான் சுமோவுக்கு எவ்வளவு வக்காலத்து வாங்கினாலும் இந்த ஒரு விஷயத்தில் என்னிடம் சொல்ல எதுவும் இல்லை.

கடைசி மோதல் முடிந்து எல்லோரும் எழுந்தபோது என்னால் எழ முடியவில்லை. இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. மேடையில் ஒருவர் வில்லைச் சுழற்றும் நிறைவுச் சடங்கு நடந்தது. கூட்டம் கலைந்துகொண்டிருக்க, நான் மட்டும் அசையாமல் அதை முழுக்கப் பார்த்தேன். அடுத்த கட்டத்துப் பெரியவர் என் பக்தியை மெச்சி, வெளிநாட்டுக்காரர் இவ்வளவு மரியாதை காட்டுகிறாரே என்று தலை தாழ்த்தினார். நானும் தாழ்த்தினேன். அது ஒன்றுதான் அப்போது என்னால் முடிந்தது.

பதினைந்தாம் நாள்தான் எனக்குத் திருநாள். அன்று கோப்பையை யார் வாங்குகிறார் என்பதை மற்றவர்கள் பார்க்கட்டும். ஏழு ஜெயித்து ஏழு தோற்று நிற்கிறவர்களை நான் பார்ப்பேன். மார்க் டக்கன், ஸ்டீவன் லெவிட் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் பழைய முடிவுகளை அலசி, 7-7 நிலையில் உள்ளவர்கள் கடைசி நாளில் நியாயமாக ஜெயிக்கவேண்டியதைவிட மிக அதிகமாக ஜெயிக்கிறார்கள் என்று 2002-இல் எழுதினார்கள். 2011-இல் மல்லர்களின் கைபேசிச் செய்திகளிலிருந்து பேரம் வெளிச்சத்துக்கு வந்து, அந்த மார்ச் பாஷோவே ரத்தானது, பலர் வெளியேற்றப்பட்டார்கள். இப்போது 7-7 ஆளை இன்னொரு 7-7 ஆளோடு மோதவிடுவதைப் பார்க்கலாம். ஒருவர் ஏறியே ஆகவேண்டும், மற்றவர் இறங்கியே ஆகவேண்டும். அந்தச் சில வினாடிக்கு முன் இருவர் முகத்தையும் கேமரா அருகில் காட்டும். கோப்பைக்கு மோதுகிறவர்களிடம்கூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. ஈமச்சடங்குக்குப் பணம் புரட்டுகிறவன் முகம்.

மாமியார் ஊருக்குப் போய்விட்டார். போனில் என் சௌக்கியத்தை விசாரிப்பதற்கு முன் அந்தப் பிள்ளையின் சௌக்கியத்தை விசாரிக்கிறார். சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் ஒரே ஒரு விண்ணப்பம்: பாஷோ நடக்கும் பதினைந்து நாளும், நம் ஊர் நேரம் மதியம் இரண்டரையிலிருந்து ஐந்து மணிவரை எனக்குப் போன் செய்யாதீர்கள். காதுகுத்து, கல்யாணம், நிலத்தகராறு எதுவானாலும் ஐந்துக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். மச்சினனுக்கு இது பொருந்தாது. அவன் எண்ணைத் தடுத்துவைத்திருக்கிறேன்.